விடை உள்ள கேள்வி

நான் சிரித்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கச் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் என் வீட்டு மனிதர்கள், என் மேல் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனாலும் கேட்கவில்லை.

என் கணவர் இறந்தது ஒரு மழைக்காலக் காலையில். வங்கிக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் பொத்தானைப் பாதியில் விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து திருவனந்தபுரம் கரமனையில் உள்ள எங்கள் வீடு ஆட்களால் நிரம்பிவிட்டது. திருநெல்வேலியிலிருந்து என் பக்கத்து உறவுகள், பெங்களூரிலிருந்து என் மகன், கணவரின் அண்ணா, கணவரின் அக்கா. காரியங்கள் முடிந்து, பதின்மூன்றாம் நாள் சுபம் முடிந்து, மகன் வேலைக்குத் திரும்பிய பிறகும் கணவரின் அண்ணாவும் அக்காவும் எனக்குத் துணையாகத் தங்கினார்கள். அக்கா என்றால் என் நாத்தனார். திருமணமாகி வந்த நாளிலிருந்து அவரை நானும் அக்கா என்றே கூப்பிட்டு வந்தேன்.

துக்கம் கேட்க வருகிறவர்கள் காலையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "இனிமே என்ன பண்ணப் போறே?" நான் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஊழியர்களுக்கான பஸ் ஏற்பாடுகளைக் கவனிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். லீவு முடிந்ததும் வேலைக்குப் போவேன் என்று முதலில் சிலரிடம் சொன்னேன். அவர்கள் கேட்டது அது இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு தலையை மட்டும் ஆட்டுவேன்.

எனக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. ஊரடங்கு நாட்களில் ஒரு வாசகசாலை இணையத்தில் வினாடிவினா நடத்தியது. முதல் சுற்றிலேயே தோற்றுப்போன சிலர் கலைந்து போகாமல், பக்கத்தில் ஓடும் அரட்டையிலேயே உட்கார்ந்து, கேள்வி கேட்டவரின் தவறுகளைக் கேலி செய்துகொண்டிருந்தோம். அப்படிச் சேர்ந்தவர்கள்தான். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அவரவர் வைத்திருந்த படத்தை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வோம். என் படம் ஆந்தை. விதுராவில் இருந்த ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஒருவர் ஆடு. மஸ்கட்டில் நர்ஸாக இருந்த பெண் டீக்கப். அவள் ஊர் பாறசாலைப் பக்கம். கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த சின்னப் பெண் ஒருத்தி குக்கர். ஏன் குக்கர் என்று அவள் இன்றுவரை சொல்லவில்லை. வேறு சிலரும் இருந்தார்கள், ஆனால் வாய் ஓயாதவர்கள் நாங்கள் நால்வர்தான்.

குழுவுக்குச் சட்டம் உண்டு. காலை வணக்கப் பூக்கள் கூடாது. சாமி, கட்சி, வைத்தியக் குறிப்பு கூடாது. சொந்தக் கதை கேட்கக் கூடாது. யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாத தகவல்களை மட்டும் போடலாம். அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம். பாதித் தமிழ், பாதி மலையாளம், எழுத்து மட்டும் இங்கிலீஷ். பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது என்று ஒருநாள் நான் போட்டேன். அதனால்தான் மாமியார் வீட்டுப் பூனை என் பாயசத்தைத் தொடவில்லையா, இத்தனை நாள் என் சமையலையல்லவா சந்தேகப்பட்டேன் என்றாள் டீக்கப். ரெண்டு காரணமும் இருக்கலாம் என்று எழுதினார் ஆடு. அவ்வளவுதான் நாங்கள். இதைவிட உயர்ந்ததாக நாங்கள் எதையும் பேசியதில்லை.

கணவர் இறந்ததை நான் அவர்களிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த நாட்களில் போனைத் தொடவே தோன்றவில்லை. ஒருநாள் மதியம், கூடத்தில் துக்கம் கேட்க வந்த பெண்கள் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கிடந்த போனைக் கை தானாக எடுத்தது. ஆடு எழுதியிருந்தார்: ஆந்தையைக் காணோமே, மரத்திலிருந்து விழுந்துவிட்டதா? ஆந்தைக்கு மட்டும் ஒரு கேள்வி. ஆஸ்திரேலியாவில் வோம்பாட் என்று ஒரு பிராணி இருக்கிறது. அதன் சாணம் என்ன வடிவம்?

எனக்கு விடை தெரியும். கனசதுரம் என்று எழுதினேன். உடனே குக்கர், அப்படியென்றால் அடுக்கி வைத்து வீடு கட்டலாமே என்றாள். கட்டு, ஆனால் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு என்னைக் கூப்பிடாதே என்றாள் டீக்கப்.

நான் சிரித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு அல்ல. வயிற்றிலிருந்து வந்தது. அடக்கப் பார்க்க, இன்னும் பெரிதாக வந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கூடத்தில் பேச்சு நின்றது. வந்திருந்த ஒரு மாமி என் பக்கத்தில் வந்து, அழறியா அம்மா, அழு, நன்னா அழு என்று முதுகைத் தடவினாள். போனைப் பார்த்த பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் போனதும் நாத்தனார் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தம்பி போன வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று இந்நேரம் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும், அந்தக் குழுவோ கிழுவோ, அதிலிருந்து விலகிவிடு என்றார். விலக மாட்டேன் அக்கா என்றேன். ஏன் என்று கேட்டார். எனக்கு அது வேண்டியிருக்கு என்றேன். அதற்குமேல் எனக்கே விளக்கம் தெரியவில்லை.

மறுநாள் நான் குளிக்கப் போன சமயம் கணவரின் அண்ணா என் போனை எடுத்தார். பூட்டுப் போட்டு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஈரத்தலையோடு வந்து பார்க்கும்போது குழுவில் என் ஆந்தைப் படத்துக்குப் பக்கத்தில் இது இருந்தது: இந்த நம்பருக்கு உரியவரின் கணவர் காலமாகிவிட்டார். துக்கத்தில் இருக்கும் ஒரு குடும்பப் பெண்ணுக்கு இந்த மாதிரி அசிங்கங்களை அனுப்ப வேண்டாம்.

அதன் கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். அணைந்த விளக்கு, வெள்ளை ரோஜா, ஆழ்ந்த இரங்கல். ஒருபோதும் வாய் திறக்காத ஆட்கள்கூட வந்து கை கூப்பியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், ஆடு குழுவிலிருந்து விலகிவிட்டார் என்று ஒரு சின்ன வரி.

கணவர் போனபோது எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. கோபம் முதன்முதலாக வந்தது அன்றைக்குத்தான். அண்ணாவின் மேல் வந்தது, சரி. அந்த ரோஜாப்பூக்களின் மேலும் வந்தது. உலகத்திலேயே நான் யாருடைய விதவையும் அல்லாமல் இருந்த ஒரே இடம் அது. அங்கேயும் கொண்டுபோய் என்னைத் துக்கம் கேட்கும் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நான் எழுதினேன்: "முந்தைய மெசேஜ் நான் எழுதியது அல்ல. செய்தி உண்மைதான். ஆனால் பூ போட்டவர்கள் எல்லாம் சட்டத்தை மீறியிருக்கிறீர்கள். எடுத்துவிடுங்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு என்று யாராவது சொல்லுங்கள்."

யாரும் பதில் எழுதத் துணியவில்லை. கடைசியில் டீக்கப் மட்டும் எழுதினாள்: மனுஷனுக்கு இருக்கிற அதே ஏழு, இதுகூடத் தெரியாமலா கேட்கிறாய், போடி ஆந்தை. அவள் அதை எழுதிவிட்டு வார்டில் உட்கார்ந்து அழுததாகப் பின்னால் சொன்னாள். எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒருத்தி என்னைப் போடி என்று சொன்னாள். அந்த வீட்டில் அப்போது என்னை யாரும் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை.

ஆனால் ஆடு திரும்பவில்லை. குக்கர் பலமுறை போன் செய்தும் எடுக்கவில்லை. நான் அனுப்பியதையும் படிக்கவில்லை. நான் குக்கரைக் கூப்பிட்டு, முதல் தடவையாக அவள் குரலைக் கேட்டு, விதுரா வரை போக வழி இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்கூட்டர் இருக்கு சேச்சி, ஞாயித்துக்கிழமை வரட்டா என்றாள்.

வருஷம் திரும்பும்வரை நான் எங்கேயும் போகக் கூடாது என்பது வீட்டுக் கணக்கு. ஆபீசுக்குப் போவதை மட்டும் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிறு காலை, ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹாரன் அடித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாத்தனார் கூடத்தில் நின்றுகொண்டு எங்கே என்று கேட்டார். ஒரு சிநேகிதரைப் பார்க்க என்றேன். "கேறுங்க சேச்சி, ஹெல்மெட் உங்களுக்கும் இருக்கு" என்றாள் குக்கர். ஏறினேன். கல்யாணமான பிறகு கணவரின் ஸ்கூட்டரைத் தவிர வேறெதிலும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. தெரு முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

நெடுமங்காடு தாண்டியதும் காற்று மாறியது. வழியெல்லாம் குக்கர் பேசிக்கொண்டே வந்தாள். என் கணவரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரப்பர் மரங்களைப் பார்த்து, ஒட்டகச்சிவிங்கி இங்கே வந்தால் இலையையெல்லாம் தின்றுவிடும், ரப்பர்ப் பால் வெட்டுகிறவனுக்கு வேலை போய்விடும் என்றாள். விதுரா சந்தையில் பழைய மாட்டு டாக்டர் வீடு என்று கேட்டதும் கை காட்டினார்கள்.

அவர் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்த, உயரமான மனிதர். எழுபதுக்கு மேல் இருக்கும். குக்கர் சொன்னாள், "இது ஆந்தை, நான் குக்கர்." அவர் எழுந்துவிட்டார். பேப்பர் கீழே விழுந்தது. உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்.

"நான் எந்த முகத்த வச்சு உங்களப் பாக்கதுக்கு?" என்றார். எல்லைப் பக்கத்துத் தமிழ், தெற்குத் திருவிதாங்கூர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பேசுவது. "மரணவீட்டுக்கு நான் சாணியப் பத்தி எழுதி அனுப்பியிருக்கேன். அறிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்."

"அறிஞ்சிருந்தா அனுப்பியிருக்க மாட்டேள். எனக்குத் தெரியும். நீங்க அறியாதது என்னோட பாக்கியம்," என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். வண்டியில் வரும்போது நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. அங்கே நிற்கும்போதுதான், நாத்தனாரிடம் சொல்ல முடியாத விளக்கம் வாயில் வந்தது.

"ஆத்துக்கு வந்தவா எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டா. இனிமே என்ன பண்ணப் போறேன்னு. அதுக்கு எங்கிட்ட விடை இல்லை. யாரிட்டயும் இல்லை. நீங்க ஒருத்தர்தான் விடை உள்ள கேள்வி கேட்டேள். எனக்கு அது தெரிஞ்சிருந்தது. எனக்கு இன்னும் என்னமோ தெரியறதுன்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு உள்ளே பார்த்து, மூணு சாயா என்று மனைவியிடம் சொன்னார். "பசுவுக்கு நாலு வயிறுன்னு நீங்க போன வருஷம் போட்டது தப்பு. வயிறு ஒண்ணுதான், அறைதான் நாலு. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன், பாவம்னு விட்டேன்," என்றார்.

பாவம் பார்க்க வேண்டாம் என்றுதானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்றேன். அதன்பின் சண்டை ஆரம்பித்தது. ஆட்டின் கண்மணி வட்டமா நீளமா என்று குக்கர் கேட்க, அவர் பேசுவதை நிறுத்திவிட்டுச் செருப்பை மாட்டினார். பக்கத்து வீட்டுத் தொழுவத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஒரு கறுப்பு ஆட்டின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். மஞ்சள் கண்ணுக்குள் கறுப்பாக ஒரு நீளப் பட்டை, தபால் பெட்டியின் வாய் மாதிரி. அது என்னை வெறுப்பாகப் பார்த்தது. அந்த ஆட்டின் பார்வை என் நாத்தனாரின் பார்வை மாதிரி இருந்தது என்று நான் சொல்ல, மூவரும் தொழுவத்தில் நின்று சிரித்தோம். ஆட்டுக்காரி வெளியே வந்து, டாக்டருக்கு என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டுப் போனாள்.

திரும்புமுன் குக்கர் கல்லாறு வரை ஓட்டிப் போனாள். ஆற்றில் காலை நனைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தோம். அங்கேதான் நான் அழுதேன். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, நான் முடிக்கும்வரை கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அழுகையும் என்னுடையது, சிரிப்பும் என்னுடையது. அன்று இரண்டையும் ஒரே நாளில் யாரும் அட்டவணை போட்டுத் தராமல் செய்து முடித்தேன்.

வீட்டில் அண்ணாவும் நாத்தனாரும் கூடத்தில் காத்திருந்தார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. எங்கே போயிருந்தாய் என்று அண்ணா கேட்டார்.

"விதுராவுக்கு. ஆட்டோட கண்ணைப் பார்க்க."

பரிகாசம் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் சிவந்தது. தம்பி போன துக்கம் உனக்கு உண்டா இல்லையா என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஒரு உண்மையான வலி இருந்தது. அவருக்கும் தம்பிதானே. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்காக நான் குனியவும் இல்லை.

"அண்ணா, நீங்க என் போனை எடுத்து, நான் எழுதற மாதிரி எழுதினேள். அதை இனிமே செய்யாதீங்கோ. என் துக்கத்தை நான் எப்படிப் படணும்னு எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம். அந்தக் குழுவுல நான் இருப்பேன். சிரிப்பு வந்தா சிரிப்பேன். இங்கேயே, இந்தக் கூடத்துலேயே சிரிப்பேன்."

நாத்தனார் எழுந்து உள்ளே போய்த் தன் புடவைகளை மடிக்க ஆரம்பித்தார். அண்ணா ஆட்டோ கூப்பிட்டார். போகும்போது, ஒரு வார்த்தை சொன்னால் இருக்கிறோம் என்பதுபோல நாத்தனார் வாசலில் கொஞ்சம் தயங்கினார். நான் அவர் பையை எடுத்து ஆட்டோவில் வைத்தேன். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

மகன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டான். பெரியப்பா சொன்னார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதாம்மா என்றான். முடியாது என்றேன். சரி, அப்படி என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டான். சொன்னேன். அவன் சிரித்தான். அப்பா போனபின் அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னையும் சேர்த்துக்கொள்ளேன் என்றான். மாட்டேன் என்றேன். அது என் இடம். அங்கே நான் யாருக்கும் அம்மாவும் அல்ல. அவனுக்கு முதலில் வருத்தம்தான். இப்போது நண்பர்களோடு தனியாக ஒரு குழு தொடங்கி, எங்களுடையதைவிட அதில் தகவல்கள் தரமானவை என்று பீற்றிக்கொள்கிறான். பொய்.

மாதாமாதம் வரும் மாசிகங்களுக்கு அண்ணா வருவார். என் மகனுக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் செய்து வைப்பார், சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். நாத்தனார் வருவதே இல்லை. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. எனக்கு அது வலிக்கிறது. என் பிரசவத்தின்போது என்னைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஆனால் அந்த வலி தீர நான் அந்தக் குழுவை விட வேண்டும் என்றால், விட மாட்டேன்.

வருஷம் முடியுமுன்பே டீக்கப் லீவில் வந்தாள். குண்டான, பெரிய குரல் உள்ள பெண். அவள் ஊரில் கூடலாம், மியூசியத்தில் கூடலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். வருஷம் திரும்பாத துக்க வீடு, வந்தால் உங்களுக்குப் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டேன். டாக்டர் எழுதினார்: நான் மாட்டுத் தொழுவத்தில் நாற்பது வருஷம் இருந்தவன், எனக்கென்ன தீட்டு?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நால்வரும் என் கூடத்தில் உட்கார்ந்தோம். டீக்கப் கொண்டுவந்த பேரீச்சம்பழம், நான் செய்த எலுமிச்சைச் சேவை. சுவரில் மாலையோடு கணவரின் படம். டீக்கப் அதைப் பார்த்து, இந்த மனுஷன் எப்படி என்று கேட்டாள். சட்டப்படி கேட்கக் கூடாது என்று குக்கர் ஞாபகப்படுத்தினாள். நானே சொல்கிறேன் என்றேன். நான் ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லும் தகவல்களையெல்லாம் ஒரே தொனியில் அப்படியா அப்படியா என்று கேட்டுவிட்டு, மறுநாள் வங்கியில் தன் சொந்த அறிவாகச் சொல்லிப் பெயர் வாங்கியவர் அவர். துக்கம் கேட்க வந்த அவருடைய மேனேஜர், சார் ஒரு என்சைக்ளோபீடியா என்று என்னிடம் கண் கலங்கினார்.

டாக்டர் சேவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போ அந்தப் பசுவோட நாலு வயிறும் பேங்குக்குப் போயிருக்குமே என்றார். டீக்கப் சிரித்த சிரிப்பில் பேரீச்சங்கொட்டை உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. நான் குனிந்து அதை எடுக்கப் பார்த்து, எடுக்க முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. எங்கள் கூடத்து ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. சாத்தட்டுமா சேச்சி என்று குக்கர் எழுந்தாள்.

"வேண்டாம், காத்து வரட்டும்," என்றேன். டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார்.